அண்ணாதுரை டாக்டரின் இரண்டு மாத்திரை வைத்தியம்

சிங்கப்பூர் புக்கிட் மேரா அடுக்குமாடியில் அண்ணாதுரையை எல்லோரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிட்டில் இந்தியாவில் பாத்திரம் விற்கிறவருக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. சென்னைக்குப் போகும்போதெல்லாம் மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி, முறுக்குப் பொட்டலத்துக்குள் செருகிக் கொண்டுவருவார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டுவார். தும்மலுக்கு இரண்டு, தொண்டைக்கு இரண்டு. மூன்றாவது மாத்திரை ஆடம்பரம்.

அவரிடம் அதிகம் வைத்தியம் பார்த்துக்கொண்டவள் மனைவி லீலா. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாளாக மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை, அவரும் உட்காரவில்லை. ஜன்னல், கதவு, மறுபடி ஜன்னல்.

டாக்டர் தனுஷிகா வந்தார். “அங்கிள், திரும்பவும் கேக்குறேன். ஆன்டி வீட்டுல ஆன்டிபயாட்டிக் ஏதாச்சும் எடுத்தாங்களா?”

“அன்னைக்கே சொன்னேனே, ஒன்னுமில்ல லா.”

“நாங்க குடுக்கிற மருந்துக்கு இந்தக் கிருமி அசையல. சும்மா சளிக்கெல்லாம் மாத்திரை போட்டா சாதுவான கிருமி சாகும், மருந்தைத் தாங்குறது மட்டும் பெருகும். பக்கத்துக் கிருமிக்கும் அந்த வித்தையைக் குடுத்துடும். இது தாங்கவும் தெரிஞ்ச, தாக்கவும் தெரிஞ்ச ரகம். எந்த மருந்து கேக்கும்னு முழு ரிப்போர்ட் நாளைக்குத்தான். அதுவரை ஆன்டி தாங்குவாங்களான்னு தெரியல.”

அண்ணாதுரை ஜன்னலுக்குக் கிளம்பினார்.

கண்ணை மூடியபடியே லீலா முனகினாள். “ஒரு டாக்டர் இன்னொரு டாக்டர்கிட்ட பொய் சொல்லலாமா?”

அவர் நின்றார். பிறகு கொட்டிவிட்டார். மாத்திரைப் பெயர், நிறம், மாதம், ஜுரம், தொண்டை, போன தீபாவளிக்கு வந்த வெறும் சளி. தனுஷிகாவின் பேனாவுக்கு மூச்சு வாங்கியது.

“இவ்வளவா அங்கிள்?”

“எல்லாம் ரெண்டு ரெண்டுதான்மா.”

தனுஷிகா சிரிக்கவில்லை. பட்டியலில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி வேறு மருந்து எழுதினார். அரை மணியில் புது மருந்துப் பை தொங்கியது.

“இது கேட்டுடும்ல?”

“கேக்கணும் அங்கிள். நாளைக்குச் சாயங்காலம் பாப்போம்.”

தனுஷிகா போனதும் அவர் கதவுக்கும் ஜன்னலுக்குமாக மறுபடி ஆரம்பித்தார்.

“உட்காருங்க. தலை சுத்துது.”

“எனக்கு ஒன்னும் சுத்தலியே?”

“எனக்குச் சுத்துதுங்க.”

உட்கார்ந்தார். கால்கள் மட்டும் நாற்காலிக்கடியில் நடந்துகொண்டே இருந்தன.