டிஸ்கோ கேட்க ஒரு மனு

பொதுமக்களிடமிருந்து மனு வந்தால் உடனே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். வட்டாட்சியர் அலுவலகங்களில் கழிந்த என் வேலைக்காலம் முழுவதும் இந்த விதியை மற்றவர்களுக்குச் சுட்டிக்காட்டி, கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் மேஜையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

என் மனு சின்னது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்குள்ள சமுதாயக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாடகைக்குக் கேட்டிருந்தேன். காரியம்: மூன்று கிழவர்கள் உட்கார்ந்து எண்பதுகளின் தொடக்கத்து டிஸ்கோ, ஃபங்க் ரெக்கார்டுகளைக் கேட்பது.

மூவரில் ஒருவன் நான். இரண்டாமவன் கள்ளக்குறிச்சியில் மைக் செட் வைத்திருப்பவன். மூன்றாமவன் வங்கியில் காசாளராக மலைக்கு மாற்றலாகிப் போய், அந்தக் குளிர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவன். மூவரும் புதுச்சேரியில் ஒன்றாகப் படித்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீடுகளில் அந்த ரெக்கார்டுகள் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் சலித்துப்போய் விற்றதை எல்லாம் நாங்கள் வாங்கினோம். வார்த்தை ஒன்றும் புரியாது. அடியில் உறுமும் பேஸ் கிட்டார் புரிந்தது.

நாற்பது வருடமாக எங்களுக்கு ஒரு முறை உண்டு. யாருடைய ரெக்கார்டோ அவன்தான் ஊசியை வைக்க வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். சண்டை எப்போதும் ஒன்றுதான். மைக் செட்காரன் டிஸ்கோ கட்சி. காசாளர் ஃபங்க் கட்சி.

"டிஸ்கோ ஆடறவனுக்குய்யா," என்பான் காசாளர். "ஃபங்க்கு, உக்காந்துக்கினு இருக்கறவனையும் ஆட்டும்."

"நீ எப்பவும் உக்காந்துக்கினேதான இருந்த. கேஷ் கவுன்ட்டர்ல," என்பான் மைக் செட்காரன்.

போன வருடம் காசாளரின் இரண்டு காதுகளும் செயலிழக்கத் தொடங்கின. நரம்புக் கோளாறு. மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். அதை அவன் தன் ரெக்கார்டுகளை வைத்தே அளந்துகொண்டிருந்தான்.

"டிரம்முல அந்த சிம்பல் தட்டு சுத்தமா போயிடுச்சு," என்றான் ஒரு நாள் போனில். "பொம்பள குரலு பாதி. கைதட்டு போய்க்கினு இருக்குது. பேஸு மட்டும் இருக்குதுய்யா. அது போறதுக்குள்ள ஒரு தபா பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்ல, மூணு பேரும் சேந்து கேட்டுடணும்."

காதுக் கருவியில் பேஸ், தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்கிறது என்றான். அவன் குடியிருப்பது பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டிய வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். கீழே அழைத்து வரலாமென்றால், மலைப்பாதையின் இரண்டாவது வளைவிலேயே அவனுக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது, அதுவும் காதால்தான். ஆகவே கூடம்.

"மனுவா?" மைக் செட்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யோவ் ஆபீசரு, இன்னாத்துக்குய்யா மனு? சாவி வெச்சிருக்கறவரு நமக்குத் தெரிஞ்சவரு. காதுகுத்துன்னு சொல்லிட்டு பாக்ஸ எறக்கிட்டா முடிஞ்சிது."

"யாருக்குக் காதுகுத்து?"

"அவனுக்குத்தான். காது இருக்கும்போதே குத்திடலாம்."

நான் சிரிக்கவில்லை. அரசுக் கூடத்தைப் பொய் சொல்லிப் பயன்படுத்துவது எனக்கு ஒவ்வாது. முறைப்படி மனு எழுதி, இரண்டு நகல்களுடன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். அது ஆனி மாதம்.

எழுத்தர் இளைஞர், மரியாதையானவர். "இன்னா நிகழ்ச்சிங்க சார்?" என்றார்.

"ரெக்கார்டு கேட்பது."

"பாடறது யாருங்க?"

"யாரும் பாடவில்லை."

"பேசறது?"

"பேசவே கூடாது."

கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கூட்டம் என்று அவரிடம் இருந்த எதிலும் நாங்கள் அடங்கவில்லை. டிஸ்கோ என்ற சொல்லை மனுவில் இன்னொரு முறை படித்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க சார், ரெக்கார்டு டான்ஸு எதுனா...?" என்றார். எங்கள் வயதைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். இருந்தாலும் மனுவைக் கருத்து கேட்டுக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். வகைக்குள் வராத மனுவை யாரிடமாவது கருத்து கேட்டு அனுப்புவதுதான் நடைமுறை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் எரிச்சல்.

ஒப்புகைச் சீட்டு தரவில்லை. ஒரு மாதம் ஆனது, பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பிறகு அதன் மேல் ஒரு நினைவூட்டு. போனில் காசாளரோ, பேஸும் கம்மியாகிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

மைக் செட்காரன் பொறுக்காமல் சாவிக்காரரிடமே போய்க் கேட்டான். அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். "மின்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இப்ப மனு போய் ஸ்டேஷன்ல கெடக்குது. குடுத்தா என் வேல பூடும்."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே கூடத்துக்குள் ஒரு மஞ்சள் நீராட்டு நடந்துகொண்டிருந்தது. ஆள் உயர பாக்ஸ், ஓடு அதிர. மனு உண்டா என்று விசாரித்திருக்கிறான். எவரும் போடவில்லை.

"மனு போடாதவன்லாம் பாட்டு போட்டுக்கினு இருக்கான்," என்று திரும்பி வந்து என்னிடம் கத்தினான். "நீ சட்டத்தக் கட்டிக்கினு அழு."

ஐப்பசியில் ஒரு நாள், படுக்கையில் இருந்த பெரியவரை அவருடைய மகள் சின்னசேலத்துக்கு அழைத்துப் போயிருப்பதாகத் தெரிந்தது. ஜீப்பில் இரண்டு பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், டர்ன்டேபிள் ஏற்றிக்கொண்டு போனோம். காசாளர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, பாக்ஸுக்கு நேராக நாற்காலி போட்டுக் காத்திருந்தான். பேசியதை எல்லாம் எங்கள் உதட்டைப் பார்த்தே வாங்கிக்கொண்டான்.

அவன் ரெக்கார்டுதான் முதலில். ஊசியை அவனே வைத்தான். பேஸ் தனியாக நடந்து வரும், பிறகு கைதட்டல், பிறகு பித்தளைக் குழல்கள் மொத்தமாக. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. முறைப்படி யாரும் பேசவில்லை.

பாதிப் பாட்டு போயிருக்கும். காசாளர் எங்களைத் திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னான்: "சவுண்ட தொறங்கய்யா. இன்னும் இன்னா யோசனை?"

மைக் செட்காரனின் கை வால்யூம் குமிழில் இருந்தது. அதற்கு மேல் திருக இடமில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த காசாளர் எழுந்துபோய் பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கம் முடியும்வரை கையை எடுக்கவில்லை. முடிந்ததும் சண்டை போட வேண்டிய நேரம். மைக் செட்காரன் குமிழைத் திருகி வால்யூமைக் குறைத்தான். காசாளர் ரெக்கார்டை உறையில் போட்டு அவனிடமே நீட்டினான். "இன்னிமே உங்க வூட்லயே இருக்கட்டும்," என்றான்.



பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஒலியின் அளவு எவருடைய செவிக்கும் இடையூறு விளைவிக்காத பட்சத்தில் கூடத்தைப் பயன்படுத்த அனுமதி வழங்கப்படுகிறது.' கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, பழக்க தோஷத்தில், நான் ஓரத்தில் தேதி எழுதினேன்: தை மாதம் எட்டாம் தேதி.