தருமர் கேட்ட இரண்டாவது உருண்டை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது பட்டிமன்றம். நடுவர்தான் இல்லை.

மாப்பிள்ளை பென்னாகரத்துக்காரர். தரகர் தேடிக் கொண்டுவந்த வரன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் இரண்டு வருடமாகக் காதலிக்கிறோம், அவர் ஜாதகம் தரகர் கைக்குப் போனதே எங்கள் ஏற்பாடு என்பதெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். காதல் கத்திரிக்காய் என்று வந்தால் வாசலோடு போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்த மனிதர்.

முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

"தர்மபுரிக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு தெரியுங்களா? வனவாசத்துல தருமர் இங்க வந்து தங்குனாருங்க."

போச்சுடா என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. இது தகடூரா இருந்தப்ப ஆண்ட ராசா, கேட்டவங்களுக்கெல்லாம் தருமம் பண்ணாரு. அதான் தர்மபுரி."

"தருமரை விட உங்க ராசா பெருசுங்களா?"

"பரம்பரையா எங்க வூட்டுல சொல்றதுங்க."

அரை மணி நேரம் ஓடியது. தரகர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஊருக்கு யார் பேரை வைத்திருந்தால் என்ன, போய்க்கொண்டிருப்பது என் கல்யாணம் அல்லவா?

கடைசியில் அப்பா மாப்பிள்ளையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி."

அவரைப் புத்திசாலி என்று அன்றுவரை நினைத்திருந்தேன். என் அப்பாவைக் குளிரவைக்கும் ஆசையில், "தருமர்தாங்க" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இந்தப் பக்கந்தான் ஒரு புளியமரத்தடியில கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் தின்னுட்டு, ரெண்டாவது உருண்டை கேட்டாராமே?"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தருமர் களி தின்ற கதை எந்தப் புராணத்திலும் இல்லை. எங்கள் வீட்டைத் தாண்டி அது வெளியே போனதும் இல்லை. ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான்தான் அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். "எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாப்பா."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து போய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நின்றார்.

"இவ சின்னதுல களி தின்ன மாட்டேன்னு அடம் புடிப்பா. தின்ன வைக்க நான் கட்டுன கதைங்க அது" என்றார். "ஊருக்கு உங்க ராசா பேராவே இருந்துட்டுப் போகட்டுங்க, சம்மந்தி."