மழமழவென்று ஒரு கப்பல் கதவு

எங்கள் முதலாளி அந்தக் கப்பல் கதவைத் தடவிக்கொடுத்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மண்ணரை ஊரில் இருந்த எங்கள் பட்டறையில் அவர் தோளில் எப்போதும் ஒரு வேஸ்ட் பனியன் துணி கிடக்கும். வெல்டிங் செய்த இடத்தில் அதை இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல் மாட்டினால் போச்சு, மறுபடி கிரைண்டர் போட்டு ராவ வேண்டும். நாங்கள் செய்துவந்தவை சாயம் போடும் தொட்டிகள். உள்ளே சின்ன மேடு இருந்தாலும் சுற்றி ஓடும் துணி கிழிந்துவிடும். அவர் தொட்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று நாங்களே கிண்டலடிப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கழிவுநீர் வழக்குகளால் சாயப்பட்டறைகள் தடுமாற, புதுத் தொட்டி கேட்டு ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் கடற்படைக்கு ரோந்துக் கப்பல் கட்டும் ஒரு தளத்திலிருந்து கதவு வேலை வந்தது. கப்பலை அறை அறையாகத் தடுத்துத்தான் வடிவமைக்கிறார்கள், ஓர் அறையில் கடல் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாமல் கதவு தாங்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடம் வந்த பிறகே எங்களுக்குத் தெரியும். முதல் கதவு தேறினால் மீதியும் எங்களுக்கு. தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

சோதனைக்கு வந்தவர் தூத்துக்குடிக்காரர், இளவயது இன்ஜினியர். முதலாளி கதவின் மூலையைக் காட்டி, "தடவிப் பாருங்க சார், ஊத்துக்குளி வெண்ணெயாட்ட இருக்குதுங்களா?" என்றார். வந்தவர் தடவவில்லை. அளவு பார்க்கும் ஒரு சின்னத் தகட்டை வெல்டிங்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ராவி எடுத்துட்டீங்களே அண்ணாச்சி! அந்த மேடுதானே பலம்?" என்றார். முதலாளியின் முகம் செத்துவிட்டது. ஹெட் வெல்டரான நான் குனிந்து அந்த மூலையைப் பார்த்தேன்.

நல்ல மனுஷர் அவர், தூக்கிப் போடச் சொல்லவில்லை. மேலே மறுபடி வெல்டிங் ஏற்றலாம், ஆனால் சூட்டில் சட்டம் கோணினால் கசிவைத் தடுக்கும் விளிம்பு ரப்பர் ஒட்டாது, பிறகு கதவு குப்பைக்குத்தான் என்றார். இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம், ஆறவிட்டு மறுபடி கொஞ்சம் என்று ஏற்றினேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். பழக்கதோஷத்தில் கிரைண்டரை எடுக்கப் போன பையனை அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

இரும்புப் பெட்டி ஒன்றின் வாயில் கதவைப் பூட்டி, பம்பு வைத்து உள்ளே தண்ணீர் ஏற்றினோம். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. இன்ஜினியர் டார்ச் அடித்தபடி விளிம்பு முழுக்க விரலை ஓட்டினார். பிறகு விரலைத் தூக்கிக் காட்டினார். காய்ந்திருந்தது. "சொட்டு இல்ல அண்ணாச்சி, கதவு பாஸ்."

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதிக் கதவுகளைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க சார், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னங்க வரும்?"

"மாலுமிங்க படுக்கிற அறை."

இன்று டிவியில் சாம்பல் நிறக் கப்பல் எதைப் பார்த்தாலும், அன்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குக் கேட்கிறது: "அப்பச் செரிங்க. பசங்க நிம்மதியாத் தூங்கட்டும்."