எலுமிச்சம்பழத்துக்காக எடுத்த கல்

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு கேட்டிலிருந்து போர்டிகோ வரை நல்ல ஏற்றம். புதிதாக வாங்கிய கேம்பிங் டிரெய்லரைப் பாதி ஏற்றத்தில் காரிலிருந்து கழற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மீதியைக் கையாலேயே தள்ளிவிடலாம் என்று நினைப்பு.

"பூஜை போட்டுட்டு ஏத்தலாங்க" என்றாள் மனைவி.

எலுமிச்சம்பழம் வைக்க நானேதான் கல்லை எடுத்தேன். கார் பூஜை போட்ட பழக்கம். இதற்கு ஹேண்ட்பிரேக் கிடையாது என்பது மண்டையில் ஏறவில்லை.

டிரெய்லர் பின்னால் உருண்டது. முன்கொக்கியைப் பிடித்தேன், என்னையும் இழுத்துக்கொண்டு போனது. டிரெய்லருக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு மனைவி.

கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர் பாய்ந்து வந்து அவளை இழுத்தார். டிரெய்லர் அவருடைய ஆட்டோவில் மோதி நின்றது.

"ஆட்டோ கெடக்குதுக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

மனைவி மறுபடி கற்பூரம் ஏற்றி, நசுங்கிய ஆட்டோவுக்குக் காட்டினாள். நான் அப்போதும் கொக்கியை விடாமல் நின்றேன், ஏதோ நான்தான் நிறுத்தியது போல.