குடுமி வைத்த தொப்பி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் சாமி காரியத்தைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்று பயம். எழுதாவிட்டால் ஊர்ப்பேச்சே நிஜமாகிவிடுமே என்று தவிப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கடை. பள்ளிக்கூடச் சட்டைகளில் சின்னம் தைப்பது, பனியனில் பேர் ஒட்டுவது, இவைதான் வேலை. வீட்டுக்காரர் மரவேலைக் குடும்பத்தில் பிறந்தவர். பனியனுக்கான சூட்டு மெஷினை அவர் பார்த்துக்கொள்வார், தையலை நான் பார்த்துக்கொள்வேன். தொப்பி வேலைக்கு எங்களிடம் எதுவும் கிடையாது.

அப்படியிருக்க, கீழச்சிவல்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வருடாவருடம் பழநிக்குப் பாதயாத்திரை கூட்டிப்போகிறவர். முந்தின வருடம் சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய ஆட்கள் வேறு கூட்டத்தோடு கலந்துபோய்விட, தேடிப்பிடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். அதனால் எல்லோருக்கும் பச்சைத் தொப்பி, நெற்றியில் மஞ்சளாக ஒரு வேல். முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு மனதுக்குள் ஒரு வேண்டுதலும் வைத்தேன்: இதற்காக எந்த மெஷின் வாங்கினாலும் அதில் முதலில் தைத்துக் கொடுப்பது முருகனுடைய வேலாகத்தான் இருக்கும்.

அன்றைக்குப் போன நிம்மதி திரும்பி வர நாளாயிற்று.

தொப்பிக்கென்று வளைந்த தட்டு வைத்த சூட்டு மெஷின் உண்டு. ஸ்டிக்கரை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், வேலை சுருக்க முடியும். இன்னொன்று எம்ப்ராய்டரி மெஷின். உருளை மாதிரி ஒரு சட்டத்தில் தொப்பியை மாட்டிவிட்டால் ஊசி ஓடி ஓடி நூலால் நிரப்பும். மதுரைக்குப் போய்ப் பார்த்தோம், திருப்பூருக்குப் போய்ப் பார்த்தோம். எம்ப்ராய்டரி மெஷினின் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் திருப்பத்தூர் வரும்வரை ஒட்டுவதுதான் சரி என்றிருந்தேன். காரைக்குடியில் இறங்கும்போது தைப்பதுதான் சரி என்று பட்டது. வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மதுரைக் கடையில் மாதிரிக்கு ஒரு தொப்பியில் வேல் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை உப்புத் தண்ணீரில் முக்கி மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். நடக்கிறவர்களுக்கு வேர்வையும் வெயிலும் தானே. காய்ந்ததும் மறுபடி முக்குவேன். சில நாளில் வேலின் நுனி லேசாகத் தூக்கியது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. நல்ல ஸ்டிக்கர் வாங்கிச் சரியான சூட்டில் அழுத்தினால் நிற்கலாம் என்றார்கள். நிற்கலாம் என்பது எனக்குப் போதவில்லை. பழநிப் பாதையில் பின்னால் வருகிற காலெல்லாம் செருப்பில்லாத கால். உதிர்ந்து கிடக்கும் வேலின் மேல் அந்தக் கால்கள் பட்டால் மிதித்தவருக்கும் மனசு ஆறாது, ஒட்டிக் கொடுத்தவளுக்கும் ஆறாது. திருப்பூரில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய எம்ப்ராய்டரி மெஷினை வாங்கினோம். எப்படி வாங்கினோம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

முதல் தொப்பியிலேயே ஊசி ஒடிந்தது. அடுத்ததிலும் ஒடிந்தது. வீட்டுக்காரர் தொப்பியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். நெற்றிக்கு நடுவே இரண்டு துண்டுத் துணி சேருகிற தையல் தடிப்பாக ஓடியது.

"மூட்டு மேல ஆணி அடிச்சா வளையாம என்ன செய்யும்?" என்றார்.

அதன்பிறகு நெற்றிப்பக்கம் ஒரே துணியாக வருகிற தொப்பிகளை வரவழைத்தோம். ஊசி ஒடியவில்லை, ஆனால் வேல் சாய்ந்தது. ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு போனால் துணி நகர்ந்துவிடுகிறது. தொப்பிக்கு அடியிலிருந்து மேலே, நடுவிலிருந்து வெளியே என்றுதான் போக வேண்டும் என்று டிசைன் போட்டுத் தருகிறவர் போனில் சொல்லி, மாற்றி அனுப்பினார். அடுத்த வேல் நேராக நின்றது. வீட்டுக்காரர் தன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவரை வரச் சொன்னோம். போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது மெஷினுக்கு மேலே இருந்த முருகன் படம் கண்ணில் பட்டது. சட்டென்று தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் வைக்க இடம் தேடினார். பெஞ்சு நாலு பேர் உட்காரும் இடம். தரையில் நூல் குப்பை. கடைசியில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தா, சாமியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுல்ல சாமி கும்புடுறேன்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் வேல் வேண்டாம், கூட்டத்துப் பேரை மட்டும் போட்டுவிடு, சோலி முடிந்தது என்று பெரியவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார். என் வேண்டுதலை அவர் அறியமாட்டார்.

அதிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. தொப்பி போட்ட ஆளைக் கண்டால் தலையைப் பார்க்கமாட்டேன், கழற்றினால் எங்கே வைக்கிறார் என்றே பார்ப்பேன். பஸ்ஸில் ஒருவர் இடம் பிடிக்கத் தொப்பியை சீட்டில் எறிந்தார். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்க வந்த ஒருவர் பேண்ட் அழுக்காகக் கூடாதென்று தொப்பியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உதிராத வேலாகத் தைத்து என்ன பயன்? உதிராமல் தரையில் கிடக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் வீட்டுக்காரர் மாதிரித் தொப்பியைப் பின்பக்கப் பட்டையால் சுவர் ஆணியில் மாட்டினார். வேல் தலைகீழாகத் தொங்கியது. எழுந்து போய் எடுத்துவிட்டேன்.

"கீழயும் வைக்கக்கூடாது, மேலயும் மாட்டக்கூடாதுன்னா நான் என்ன கையில ஏந்திக்கிட்டே நிக்கவா?" என்று என் கையிலிருந்து பிடுங்கி, உச்சியில் இருக்கும் துணிக் குமிழை இரண்டு விரலால் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

வேல் நேராக நின்றது.

"அப்படியே இருங்க," என்றேன். அவர் பயந்துபோய் அப்படியே நின்றார்.

உச்சிக் குமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சள் கயிற்றால் ஒரு வளையம் வைத்துக் கையால் தைத்தேன். கிளையோ, ஆணியோ, தோளில் போடும் பையின் வாரோ, எதில் மாட்டினாலும் வேல் நிமிர்ந்து நிற்கும். பெரியவர் சம்மதித்தார். ஒவ்வொரு தொப்பிக்கும் கையால் வளையம் வைத்து விரல் புண்ணாயிற்று. தொப்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து வீட்டுக்காரரிடம், "என்னண்ணே, தொப்பிக்கெல்லாம் குடுமி வச்சிருக்கீக, பழநியில போயி முடியிறக்கவா?" என்றார்.

கூட்டம் புறப்பட்ட அன்று முதல் தங்கலுக்கு நாங்களும் போனோம். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி வரிசையாகத் தொப்பிகளை மாட்டியிருந்தார்கள். காற்றில் ஆடின, ஆனால் எல்லா வேலும் நிமிர்ந்தே இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு இளைஞர் மட்டும் அழகாக இல்லையென்று வளையத்தைக் கத்தரித்துவிட்டார் போலிருக்கிறது. ஆனாலும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். ஏன் தம்பி, பக்கத்தில் வைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"கீழ வைக்கக்கூடாதுக்கா. தச்சவுக கனவுல முருகனே வந்து சொன்னாராம்," என்றார்.

தைத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

நேரே பெரியவரிடம் போய், ஐயா, இப்படி ஒரு பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நாந்தேன் சொன்னேன். வளையம் வச்சிருக்குன்னு சொன்னா எவன் ஆத்தா கேக்குறான்? கனவுன்னு சொன்னேன், ஒருத்தனும் கீழ வைக்கல. இருந்துட்டுப் போகட்டும் விடு."

சுற்றிலும் பார்த்தேன். கீழே ஒரு தொப்பிகூட இல்லை என்பது உண்மைதானே.

ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. கடைக்கு வந்து மெஷினுக்குச் சூடம் காட்டுகிறார்கள். ஊசியே இல்லாமல் வேல் தானாக வந்ததாக ஒருவர் எனக்கே சொன்னார். கனவு வரவில்லை என்றால், அடக்கமாகப் பேசுகிறேன் என்கிறார்கள். போன மாதம் ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கட்ட மெஷின் நூல் கேட்டு வந்தாள். நூலைக் கொடுத்து, வீட்டுக்காரரோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை தேறிவிட்டது. நூலால் தேறியது என்று சொல்கிறார்களாம். அன்றைக்குத்தான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முருகன் அருள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் நான் ஊசியில் நூல்கூடக் கோக்கமாட்டேன். ஆனால் என் கனவில் அவர் வரவில்லை. எனக்கு ஏதாவது சொல்லியிருந்தால் வீட்டுக்காரரின் எரிச்சல் வழியாகத்தான் சொல்லியிருப்பார்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், ஒடிந்த ஊசி, கக்கத்துத் தொப்பி, உச்சியைப் பிடித்துத் தூக்கிய இரண்டு விரல், எதையும் விட்டுவிடாதீர்கள். கனவை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். தொப்பியைக் கீழே வைக்காமலிருக்க அந்த வளையம் போதும்.