மதில் தோட்டத்து மணவறை

இரத்தினவேலின் பெயரைப் புனிதவதி முதன்முதலில் கேட்டது ஒரு செத்தவீட்டில். கனடாவின் ஸ்காபரோவில், பெட்டிக்கு இந்தப் பக்கம் தேவாரம் நடக்க, பின்வரிசைப் பெண்கள் கலியாணக் கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். “மணவறையெண்டால் இரத்தினவேலின்ரை மணவறைதான். மற்றவையின்ரை எல்லாம் ஆடும்” என்றாள் ஒருத்தி.

ஒரு பெயர் காதில் விழுந்தால் அதன் வேர்வரைக்கும் தோண்டாமல் புனிதவதியால் இருக்க முடியாது. எந்த ஊர், தாய் ஆர், தாயின் தமையன் எங்கே கட்டினவர் என்று விசாரித்து, பெட்டியை மூட முன்னமே ஆளைப் பிடித்துவிட்டாள். அளவெட்டிச் செல்லம்மாவின் கடைசி மகன். செல்லம்மாவின் தமையன் கட்டியது புனிதவதியின் பெரியம்மாவின் மச்சாளை. “அப்ப எனக்குத் தம்பி முறையெல்லோ!” என்றாள் சத்தமாக. தேவாரம் பாடியவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தம்பி ஜேர்மனியில் இரண்டு வருடம் தட்டுக் கழுவிவிட்டுக் கனடா வந்தவர். கிழமை நாட்களில் ஒரு கதவுக் கொம்பனியில் வேலை. சனி ஞாயிறில் கலியாணங்களுக்கு மணவறை சோடிப்பார். மல்வேர்னில் அவருடைய கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. மயிலும் தூணும் குடையும்தான் நின்றன. மற்றவர்கள் மணவறையின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுவார்கள். இரத்தினவேல் அதை இரண்டு மயிலோடு ஒரே பலகையாகச் செய்து பொன்நிறம் அடித்திருந்தார். “மயிலின்ரை கழுத்திலை பொருத்துத் தெரிஞ்சால் அது மயிலோ?” என்று கேட்பார்.

தொண்ணூற்றாறில் புனிதவதியின் மகள் சிவானிக்குக் கலியாணம் சரிவந்தது. பெட்டைக்கு மண்டபம் பிடிக்கவில்லை. ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பெரிய வீடு வாடகைக்கு விடுகிறார்கள், அங்கேதான் வேண்டும் என்று நின்றாள். போய்ப் பார்த்ததும் புனிதவதிக்கும் பிடித்துப்போனது. சாம்பல் கல்லில் கட்டிய இரண்டு மாடி. கூரையில் ஏழு புகைக்கூடு. முன்கதவு யானை போகுமளவு. உள்ளே நிலத்திலிருந்து முகடு வரைக்கும் ஓக் பலகை அடித்து, தேன் பூசினதுபோல மினுங்கியது.

மாப்பிள்ளையின் பெரியம்மா தவமணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “கோயில் மண்டபம் இருக்க வெள்ளைக்காரன்ரை வீட்டிலை என்ன கலியாணம்? ஒழுங்கான மணவறையாவது இருக்குமோ, இல்லாட்டிக் கதிரையிலை இருத்தித் தாலி கட்டுறதோ?”

“வந்து பாத்திட்டுக் கதையுங்கோ, அக்கா,” என்றாள் புனிதவதி. சொன்னதிலிருந்து அவளுக்கு அதே யோசனைதான். மணவறையில் ஒரு குறை இருந்தால் தவமணி அதைப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்.

கலியாணத்தன்று விடியவே இரத்தினவேல் வந்து, யானைக் கதவால் பலகையை ஏற்றிப் பெரிய அறையில் நிமிர்த்திவிட்டார். பொன் மயில் இரண்டும் ஓக் பலகையில் நிழல் விழுத்தின. அதுவரை எல்லாம் திறம். அப்போது ஐயர் வந்தார். மண் மூட்டை, செங்கல், விறகுக்கட்டு, நெய் ரின் எல்லாம் இறங்கின. வீட்டைப் பார்க்கும் றொபேட் ஓடிவந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார். புனிதவதியின் கணவர் முன்கூட்டியே அவரிடம், பிறந்தநாள் கேக்கில் கொளுத்தும் மெழுகுதிரியளவு நெருப்புத்தான் என்று சொல்லி வைத்திருந்தார்.

றொபேட் விறகைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். உள்ளே முடியாது. வேண்டுமென்றால் மதில் தோட்டத்துக்குள் வளர்க்கலாம்.

“ஏழு புகைக்கூடு வைச்ச வீட்டிலை ஒரு ஓமம் வளக்கக் கூடாதோ?” என்று புனிதவதி தலையில் கை வைத்தாள்.

“மெழுகுதிரி எண்டு சொன்ன வாயை எங்கை கொண்டுபோய் வைக்க?” என்றார் கணவர்.

தோட்டம் வீட்டின் பின்பக்கம். இரண்டாள் உயரத்துக்கு நாலு பக்கமும் செங்கல் மதில். உள்ளே போக ஒரேயொரு கதவு; அதுவும் தள்ளுவண்டில் போவதற்காக வைத்த வளைவுக் கதவு. இரத்தினவேலும் இன்னும் மூன்று பேரும் பலகையைத் தூக்கிவந்து நேராக வைத்துப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், படுக்கவும் வைத்துப் பார்த்தார்கள். மயில் போகவில்லை. மதிலுக்கு மேலால் ஏற்ற ஆயத்தப்பட, மதில் உச்சியில் பதித்த கல்மூடி உடைந்துவிடும் என்று றொபேட் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள் வந்தன. தவமணி வாசலில் சரிந்து கிடந்த மயிலைச் சுற்றிவந்து பார்த்தார். “தம்பிக்குக் கதவுக் கொம்பனியிலைதானே வேலையெண்டு சொன்னவை?”

இரத்தினவேல் தோட்டத்துக்குள் போனார். புனிதவதியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். வெளியே காற்று மாலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இலை அசையவில்லை. காற்றை மறித்து, வெயிலைக் கல்லுக்குள் பிடித்துவைத்துப் பழம் பழுக்க வைப்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் இப்படி மதில் கட்டினார்களாம் என்று சிவானி முன்னரே சொல்லியிருந்தாள். பேயர்ஸ் பழ மரங்கள் மதிலோடு ஒட்டிக் கையை விரித்தபடி நின்றன.

மேற்கு மதிலின் நடுவில் நிலத்திலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு வளைவு மாடம் குடைந்திருந்தது. இரண்டு பக்கமும் கல்தூண். உச்சியில் கல்லில் செதுக்கிய பெரிய சிப்பி. உள்ளே இரண்டு பேர் இருக்கக்கூடிய கல்வாங்கு. வீட்டைக் கட்டிய சீமாட்டி காலை வெயிலில் தேத்தண்ணி குடிக்கவென்று வைத்ததாம். ஆகவே அது பார்த்தது நேர் கிழக்கு.

இரத்தினவேல் வாங்கில் இருந்து பார்த்தார். எழும்பிச் சிரித்தார்.

“அக்கா, நான் பிறக்க முன்னமே ஒருத்தி மணவறை கட்டி வைச்சிட்டுப் போயிருக்கிறா. எங்கடை வேலை பூக் கட்டுறதுதான்.”

“தவமணியக்கா என்ன சொல்லுவா?”

“அவவும் வந்து இருந்து பாக்கட்டும்.”

தூண் நாலும், குடையும் சின்னக் கதவால் சுகமாகப் போயின. கல்வாங்கில் பட்டு விரித்தார்கள். சிப்பியிலிருந்து மல்லிகைச் சரம் தொங்கியது. ஓமம் ஆடாமல் அசையாமல் எரிந்தது. “கனடாவிலை வெளியிலை வளத்த நெருப்பு இப்பிடி நிண்டதை இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார் ஐயர். றொபேட் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி தாலி கட்டும்வரை மதிலோரம் நின்றார். நெருப்பு அணைந்த பிறகு, இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார்.

தவமணி நெடுநேரம் மேலும் கீழும் பார்த்தார். “செங்கல் நிறத்துக்குக் கூறைச்சேலை நல்லா எடுத்துக் காட்டுது,” என்றார் கடைசியில். அவர் வாயில் அது பெரிய சங்கதி. புனிதவதிக்கு அப்போதுதான் பசித்தது.

கலியாணப் படங்கள் வீடு வீடாகப் போக, இரத்தினவேலுக்குத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாருக்கும் “அந்தச் செங்கல் மணவறை” வேண்டுமாம். அந்தப் பனிமாரி முழுக்கக் கராஜுக்குள் இருந்து, பலகையில் செங்கல் கீறி, சிப்பியும் வைத்து ஒன்று செய்தார். மூன்று துண்டு, பூட்டினால் பொருத்துத் தெரியாது. பிறகு யார் கலியாணம் பேசினாலும் அவர் நாள் கேட்பதற்கு முன் கதவின் அகலத்தைத்தான் கேட்பார்.

இரத்தினவேல் இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறார். பொன் மயில் பலகை அந்த வீட்டுப் பின்வளவில் வேலியோடு நிற்கிறது. வீட்டுக் கதவால் அது போகவில்லை.