பன்னிரண்டாவது தட்டு

டாக்டர் வெண்டலின் ஹௌபோல்ட் இருபத்தாறு வருஷம் செத்தவர்களை அறுத்துப் பார்த்தார். எல்பே ஆற்றங்கரையில் எங்கள் ஊர் மருத்துவமனை. அதன் அடித்தளத்தில் பிணவறை, அடுத்த அறை ஆய்வுக்கூடம். கடைசி ஏழு வருஷம் நான் அவரிடம் நர்ஸாக இருந்தேன். நல்லவரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையைச் சுத்தமாகக் கழுவுவார். எந்த வேலையையும் பாதியில் விடமாட்டார்.

போர் முடிந்த மறு வருஷம் டைபாய்டு வந்தது. சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. அப்போது அவர் வண்டியில் அடிபட்டுச் செத்தவர்களையும் விடாமல் திறந்து பித்தப்பையைச் சோதித்தார். காய்ச்சலே காணாத சிலருடைய பித்தப்பையில் கிருமி சுகமாக உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் உள்ள விஷயம்தான். எங்கள் ஊரில் அதுவரை யாரும் தேடவில்லை.

உயிரோடு இருப்பவர்களில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து அடைக்க, ஊருக்கு வெளியே ஒரு செங்கல் வீட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். விதிகளை டாக்டரே எழுதினார். ஆய்வுக்கு வரும் மலத்தில் பேர் இருக்கக்கூடாது, எண் மட்டும்தான்; பேர் தனி நோட்டில் இருக்கும். "பேரைப் பாத்தா கை இளகும், சிஸ்டர்" என்பார். மலத்தைத் தடவிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு கண்ணாடித் தட்டு. தொடர்ந்து பன்னிரண்டு தட்டு சுத்தமாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். நடுவில் ஒன்றில் கிருமி வளர்ந்து கறுப்புப் புள்ளி வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

உள்ளே அதிக காலம் இருந்தவள் ஃபிரீடா நெஸ்லர். குழந்தைகள் இல்லத்தில் சூப் காய்ச்சியவள். அந்தச் சூப்பில் இரண்டு பிள்ளைகள் போனார்கள். ஒருமுறை பதினொன்று வரை சுத்தமாக வந்து பன்னிரண்டில் புள்ளி விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் எனக்குப் பழக்கியிருந்தார். "பாத்தாச்சு. ஒண்ணுல இருந்து எண்ணுங்க." அதற்கு மேல் பேசினால் வீண் நம்பிக்கை கொடுத்ததாகிவிடுமாம்.

திரும்பி வரும்போது டாக்டரிடம் கேட்டேன். "சோப்பும் தையல் வேலையும் குடுத்து வீட்டுக்கு அனுப்பினா என்ன? சமையல் மட்டும் வேண்டாம்னு சொன்னாப் போதாதா?"

"சோப்பை நம்பலாம். கையை எப்படி நம்பறது?" என்றார்.

மார்ச் மாதங்களில் மருத்துவமனைக்காரர்கள் எல்லோருக்கும் சோதனை உண்டு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் பதினாலாம் எண் தட்டில் புள்ளிகள். மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே. 'உள்ளே அனுப்பவும்' என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நோட்டைத் திறங்க. யாரு?" என்றார்.

திறந்து பார்த்தேன். "நீங்கதான், டாக்டர்."

நோட்டை வாங்கி அவரும் பார்த்தார். மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு போய்விட்டார்.

ஃபிரீடா வாசலில் நின்றாள். "வாங்க டாக்டரய்யா! ஜன்னல் பக்கக் கட்டில் என்னுது. உங்களுக்கு அடுப்புப் பக்கம். புகையும். அதுக்கு விதி ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?"

பித்தப்பையை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, இந்த இதயம் தாங்காது என்றார் அறுவை மருத்துவர். அந்த இலையுதிர் காலத்தில் டாக்டர் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்: பன்னிரண்டு அதிகம், ஆறே போதும். பதில் ஒரே வரி. உள்ளே இருப்பவர்கள் விதிகளைப் பற்றிச் சொல்லும் எதையும் ஏற்கக்கூடாது, விதி ஒன்பது. அவரே எழுதிக் கையெழுத்திட்ட அந்த விதியின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள். ஃபிரீடா வாங்கிப் படித்துவிட்டு, உட்கார்ந்துதான் சிரித்து முடித்தாள். "கையெழுத்து மட்டும் அழகு!"

மறு வருஷம் ஃபிரீடாவுக்குப் பன்னிரண்டும் சுத்தமாக வந்தன. சமைத்து யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வெளியே போனாள். சனிக்கிழமைதோறும் ஒரு கேக்கோடு வேலிக்கு வருவாள். "இந்த ஊர்லயே என் கையால சாப்பிடறதுக்கு அனுமதி உள்ள ஒரே ஆள் நீங்கதான், தெரியுமா?"

ஐம்பத்தாறு ஆகஸ்டில் டாக்டருக்குப் பதினொன்று தட்டு சுத்தமாக வந்திருந்தது. மகள் கெஸீனே வீட்டில் அவருக்காக ஓர் அறையைக் காற்றாட விட்டு, புது மெத்தை போட்டிருந்தாள். எட்டு மாதப் பேரனை அவர் வேலி வழியாக மட்டும் பார்த்திருந்தார்.

செப்டம்பர் தட்டு என் மேஜைக்கு வந்தது. எண்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அப்போது மிச்சமிருந்தது அவர் ஒருவர். மூடியைத் திறந்தேன். ஓரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி.

அவர் இடத்துக்கு வந்திருந்த டாக்டர் லோரென்ஸ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ரெண்டே ரெண்டு புள்ளி, சிஸ்டர். சுத்தம்னு எழுதுங்க. மனுஷன் வீட்டுக்குப் போகட்டும்."

"போற வீட்டுல கைக்குழந்தை இருக்கு, டாக்டர்."

"அவர் கை கழுவுவாரில்ல?"

"கழுவுவார்" என்றேன். ஏழு வருஷம் பார்த்த கை. ஆனால் பார்த்ததை அப்படியே எழுதினேன். சொல்லவும் நானேதான் நடந்து போனேன்.

அன்று சனிக்கிழமை. ஃபிரீடா பிளம்ஸ் கேக்கோடு வேலியோரம் நின்றாள். அவர் டை கட்டி, பெட்டியைக் காலடியில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்தீங்களா, சிஸ்டர்?"

"பாத்தாச்சு. ஒண்ணுல இருந்து எண்ணுங்க."

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் நின்றார். ஃபிரீடா கம்பிக்கு இடையில் கேக்கை நீட்டினாள். "பிடிங்க, கை வலிக்குது. அடுத்த வாரம் ஆப்பிளா, பிளம்ஸா?"

"பிளம்ஸ்" என்றார். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: பெட்டியைத் திறந்து சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினார்.

அதன்பின் நாலு வருஷம் அங்கேயே உயிரோடு இருந்தார். எண்ணிக்கை எட்டைத் தாண்டவில்லை. அவரைத் திறந்தபோது நான் மேஜையருகில் நின்றேன். பித்தப்பையிலிருந்து எடுத்ததைத் தட்டில் தடவி, எண் போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் தட்டு முழுக்கக் கறுப்பு.